கல்லூரிக்கும் வேலைக்கும் எதில் போவது? இளையோரின் அன்றாடப் பயணமும் குடும்பத்தின் கணக்கும்



மே, ஜூன் மாதங்கள் வந்துவிட்டால் நம் வீடுகளில் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும்தான் பேச்சு. எந்தக் கல்லூரி, என்ன பாடம், எவ்வளவு கட்டணம், எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்று எல்லாவற்றையும் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் அந்த இடத்திற்குத் தினமும் எதில் போய் எதில் திரும்பி வருவது என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

அறக்கட்டளைக்கு வருகிற விண்ணப்பங்களைப் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அப்படி விட்டுவிட்ட கேள்வி ஆறு மாதத்தில் வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் போன மாணவன், முதல் பருவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்ட மாணவி, வண்டித் தவணை கட்ட முடியாமல் உதவி கேட்கும் தந்தை, விபத்தில் கால் முறிந்து மூன்று மாதமாகச் சம்பளம் இல்லாத வாலிபர் என்று விண்ணப்பங்கள் பலவிதம். ஒருவர் கல்வி உதவி கேட்கிறார், இன்னொருவர் கடன் உதவி, மற்றொருவர் மருத்துவ உதவி. ஆனால் இவற்றில் பலவற்றின் மூலகாரணம் ஒன்றுதான். அன்றாடப் பயணத்தை யாரும் முன்கூட்டியே கணக்கிடவில்லை.

நம் இளைஞர்கள் எதில் பயணம் செய்வது என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள், அந்தத் தீர்மானத்தில் பெற்றோருக்கும் ஜமாஅத்துக்கும் என்ன பங்கு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

விருப்பமா, வேறு வழியில்லாமையா?

"இந்தக் காலத்துப் பையன்களுக்கு பைக் மோகம்" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்கிறோம். மோகம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மோகத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்கள் ஆவோம்.

நம் ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னை - பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையும், சென்னை - ஜோலார்பேட்டை ரயில் பாதையும் நம் ஊர்களை ஒட்டியே செல்கின்றன. நெடுஞ்சாலையில் பேருந்துக்குப் பஞ்சமில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்தால் இவர்களுக்குப் போக்குவரத்துக் குறையே இல்லை என்றுதான் நினைப்பார்.

ஆனால் ஷூ கம்பெனிக்கோ தோல் தொழிற்சாலைக்கோ போகிற வாலிபரின் நிலை வேறு. அவருடைய வீடு நெடுஞ்சாலையில் இல்லை. தொழிற்சாலையும் பெரும்பாலும் பேருந்து நிறுத்தத்தில் இல்லை. வீட்டிலிருந்து நிறுத்தம் வரை ஒரு கிலோமீட்டர், இறங்கிய இடத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரை இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். நடுவில் உள்ள பதினைந்து கிலோமீட்டரைப் பேருந்து அரை மணியில் கடந்துவிடுகிறது. இரு முனைகளிலும் உள்ள இந்த இரண்டரை கிலோமீட்டர் நடையும், நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து இன்னொரு முக்கால் மணியைத் தின்றுவிடுகின்றன. அந்த முனைகளுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தால் பேருந்துக் கட்டணத்தைவிட ஆட்டோக் கட்டணம் அதிகமாகிவிடும்.

எனவே இளைஞர் ஒருவர் பயண வழியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் மனத்தில் ஓடுவது பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்ற ஒரு கேள்வி மட்டுமல்ல. வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம்? காலை ஷிப்டுக்கு முன்னால் முதல் பேருந்து உண்டா, இரவு ஓவர்டைம் முடிந்து வரும்போது கடைசிப் பேருந்து இருக்குமா? பேருந்து வராவிட்டால் மேஸ்திரி அரை நாள் சம்பளத்தை வெட்டுவாரா? வெள்ளிக்கிழமை மதிய இடைவேளைக்குள் ஜும்ஆ தொழுதுவிட்டு வேலைக்குத் திரும்ப முடியுமா? வீட்டிலுள்ள தங்கையை டியூஷனில் விட்டுக் கூட்டி வருவது யார்? இத்தனை கேள்விகளுக்கும் ஒரே பதிலாக வந்து நிற்பது பைக். அதனால்தான் அது வெல்கிறது.

உணவு, பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைகளும் இன்று பெருகிவிட்டன. அங்கே சொந்த வண்டி இல்லாதவருக்கு வேலையே இல்லை. வண்டி அங்கே வேலைக்குப் போகும் வழி மட்டுமல்ல, வேலைக்கான மூலதனமும்கூட.

ஆகவே பிள்ளை வண்டி கேட்டால் உடனே கண்டிப்பதும் சரியல்ல, உடனே வாங்கித் தருவதும் சரியல்ல. எந்தத் தேவைக்காகக் கேட்கிறார் என்று முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். பிறகு கணக்குப் பார்க்க வேண்டும்.

வண்டியின் முழுக் கணக்கு

விளம்பரப் பலகையில் மாதத் தவணை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். நாமும் அதை மட்டுமே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தொகைகள் கடைக்குக் கடை, வண்டிக்கு வண்டி மாறும். கணக்கிடும் முறை மாறாது.

சாலைக்கு வந்து சேரும்போது ஒரு பைக்கின் மொத்த விலை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதில் வண்டியின் விலையோடு சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் அடங்கும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புதிய இரு சக்கர வண்டிக்கு 10 சதவீதமும், அதற்கு மேல் 12 சதவீதமும் வாழ்நாள் வரி. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல், புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தடவையில் எடுத்தாக வேண்டும். கடைக்காரர் சொல்லும் விலைக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி இதனால்தான் வருகிறது.

கையிலிருந்து 20,000 ரூபாய் கட்டி, மீதி 80,000 ரூபாயை மூன்றாண்டுத் தவணையில் வாங்குகிறார். "ஆண்டுக்கு 10 சதவீதம் பிளாட் ரேட்" என்கிறார்கள். அப்படியானால் மூன்றாண்டுக்கு வட்டி 24,000 ரூபாய். மொத்தம் 1,04,000 ரூபாயை 36 தவணையாகக் கட்ட வேண்டும். மாதம் ஏறத்தாழ 2,889 ரூபாய்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் வட்டியோ கடைசி மாதம் வரை முழு 80,000 ரூபாய்க்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் கணக்கிட்டால், இந்தப் "பத்து சதவீதம்" உண்மையில் சுமார் 18 சதவீதம். பட்டம் படித்த பிள்ளைகள்கூட இதைக் கவனிப்பதில்லை. வட்டியை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களே, மாதத் தவணை என்ற பெயரில் வரும்போது அதை வட்டியாக நினைக்காமல் ஏற்றுக்கொள்வதுதான் வேதனை.

இனி ஓட்டும் செலவு. தினமும் போக வர 30 கிலோமீட்டர். மாதம் 26 நாளுக்கு 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் 15.6 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 1,560 ரூபாய். ஆயில், சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்கு மாதம் 500 ரூபாய் ஒதுக்க வேண்டும். தவணையையும் சேர்த்தால் மாதம் 4,949 ரூபாய். வாலிபரின் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்குப் போய் வருவதற்கே செலவாகிறது. முதலில் கட்டிய 20,000 ரூபாய் இதில் சேரவில்லை.

அதே தூரத்துக்குப் பேருந்தில் போக வர 40 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,040 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் 3,909 ரூபாய். மூன்றாண்டில் இந்த வித்தியாசம் மட்டும் 1,40,000 ரூபாயைத் தாண்டுகிறது.

இதற்காக பைக்கே கூடாது என்று சொல்லவில்லை. வண்டி இருப்பதால் ஓவர்டைம் பார்க்க முடிகிறது, நல்ல சம்பளமுள்ள தூரத்துத் தொழிற்சாலைக்குப் போக முடிகிறது என்றால் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். மூன்றாண்டு முடிந்தபின் வண்டியும் கையில் இருக்கும். ஆனால் கூடுதல் வருமானம் எதுவும் இல்லாமல், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தவணையில் இறங்கினால், அந்தத் தவணை வாலிபரைக் கட்டிப்போட்டுவிடும். அதற்குப் பயந்து நல்ல பயிற்சிக்கோ மேற்படிப்புக்கோ வேலையை விட்டுப் போக முடியாது. நாம் நினைப்பதுபோல வண்டி எப்போதும் சுதந்திரம் தருவதில்லை.

வண்டி கட்டாயம் தேவை என்றால் வேறு வழிகளும் உண்டு. நல்ல நிலையிலுள்ள பழைய வண்டியை, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டி வாங்கலாம். பதிவுச் சான்று, காப்பீடு, முன்பிருந்த கடன் தீர்க்கப்பட்டதற்கான சான்று ஆகியவற்றைப் பார்த்துப் பெயர் மாற்றம் செய்துகொள்ள வேண்டும். ஆறு மாதம் பேருந்தில் போய்ச் சேமித்த பணத்தை முதலில் போட்டு, மீதிக்கு உறவினரிடமோ பைத்துல்மாலிலோ வட்டியில்லாக் கடன் கேட்கலாம்.

பெண்பிள்ளைகளின் கணக்கு வேறு

ஆண்பிள்ளைகள் நேரத்தையும் பணத்தையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். பெண்பிள்ளைகளின் பயணத்தில் இன்னும் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. ஒன்று பாதுகாப்பு, மற்றொன்று வீட்டாரின் சம்மதம்.

டெல்லி பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் படிக்கும் மாணவ மாணவியரை வைத்துப் பொருளாதார அறிஞர் கிரிஜா போர்கர் ஓர் ஆய்வு செய்தார். போகும் வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக, தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுவிட்டு அதைவிடத் தரம் குறைந்த கல்லூரியை மாணவியர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அதில் தெரியவந்தது. பாதுகாப்பான வழிக்காக ஆண்டுதோறும் கூடுதல் பணம் செலவழிக்கவும் அவர்கள் தயாராக இருந்தார்கள். மாணவர்களிடம் இந்தப் போக்கு மிகக் குறைவாகவே இருந்தது. மெட்ரோ ரயிலும் ஏராளமான பேருந்துகளும் உள்ள தலைநகரிலேயே இந்த நிலை என்றால் நம் ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல மதிப்பெண் பெற்ற பெண், விரும்பிய பாடம் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், அருகிலிருக்கும் ஏதோ ஒரு படிப்பில் சேர்வதை நாம் எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! "பெண்ணே அதைத்தான் விரும்பினாள்" என்று வீட்டில் சொல்வார்கள். பேருந்து ஒழுங்காக இருந்திருந்தால் வேறொன்றை விரும்பியிருப்பாள்.

இதற்கு மாறான உதாரணங்களும் உண்டு. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அதன் பலனை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியரின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். பாடத்திட்டம் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை. போய் வர ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு தொடங்கி, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாகப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். முதலில் கேலி பேசிய ஊர், பிறகு பழகிக்கொண்டது.

இன்று நம் பெண்களுக்குக் கிடைத்துள்ள பெரிய வசதி, 2021 மே மாதத்தில் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணம். விடியல் பயணம் என்று அதற்குப் பெயர். இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கும் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கும் இது சிறிய தொகையல்ல.

ஆனால் இதன் எல்லையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டுமே இந்தச் சலுகை. நெடுஞ்சாலையில் ஓடும் புறநகர் மற்றும் விரைவுப் பேருந்துகளில் கட்டணம் உண்டு. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது "பேருந்து இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது. "நம் நிறுத்தத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறதா, எத்தனை மணிக்கு, மாலையில் எத்தனை மணிக்குத் திரும்பும்?" என்று கேட்க வேண்டும். அது இல்லாத வழித்தடத்தில் மூன்றாண்டுக்கும் கட்டணத்தைக் குடும்பம்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

பேருந்து கட்டணமில்லாமல் இருந்தும் பெண்களைத் தடுப்பது பெரும்பாலும் இரு முனைகள்தான். விளக்கில்லாத அரை கிலோமீட்டர் தெரு, நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய இடம், மாலை ஆறு மணிக்கு மேல் வெறிச்சோடிப் போகும் நிறுத்தம். பல தொழிற்சாலைகள் பெண் தொழிலாளர்களை அழைத்துச் செல்லக் கிராமங்களுக்கே பேருந்தும் வேனும் அனுப்புகின்றன. வீட்டிலிருந்து பெண்களை வேலைக்கு வரவழைக்க இதுதான் வழி என்று முதலாளிகளுக்குத் தெரிந்திருக்கிறது. கல்வி விஷயத்தில் நாமும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பலருக்குத் தெரியாத ரயில் சலுகை

ரயில் பாதையோரம் வாழும் நம் மக்களில் பலர் இதை அறியவில்லை. வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே சென்று வர, மாணவியருக்குப் பட்டப்படிப்பு முடியும் வரையிலும், மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும், இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டை ரயில்வே கட்டணமில்லாமல் வழங்குகிறது. மதரஸா மாணவர்களும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இதற்கு வெளியே உள்ள மாணவர்களுக்கும் சீசன் டிக்கெட்டில் கட்டணச் சலுகை உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் முழுக் கட்டணத்தில் சீசன் வாங்கினாலும், அன்றாடம் டிக்கெட் எடுக்கும் செலவில் பாதிகூட ஆகாது.

கல்வி நிலையத்தின் தலைவர் கையொப்பமிட்ட சான்றிதழோடு ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுண்டரை அணுக வேண்டும். சான்றிதழின் படிவத்தை முன்கூட்டியே நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டால் அலைச்சல் இல்லை. முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். கல்லூரி நேரத்துக்கு வண்டி பொருந்துகிறதா, தாமதமானால் மாற்று வழி என்ன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருந்துகிற இடத்தில் இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

பேருந்திலும் ஆண்பிள்ளைகளுக்குச் சலுகைகள் உள்ளன. அரசுக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு அரசு போக்குவரத்துக் கழகம் இலவசப் பயண அட்டை தருகிறது. தனியார் கல்லூரி மாணவர்களுக்குச் சலுகைக் கட்டண அட்டை உண்டு. கல்லூரி அலுவலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவதைத்தான் பிள்ளைகள் விட வேண்டும். அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தால் போவது பத்து நிமிடம்தான்.

விபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்பது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு. இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு 17,884 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நம் மாநிலமே நாட்டில் முதலிடம். ஹெல்மெட் அணியாததால் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். சம்பாதிக்கிற வயதிலுள்ள ஒருவரை இழந்த வீட்டுக்கு நாம் மாதாமாதம் அரிசியும் பணமும் கொடுக்கலாம். அந்தப் பிள்ளையைக் கொடுக்க முடியாது.

ஆகவே வண்டி வாங்கும் வீட்டில் சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து இரண்டு. தொப்பி போட்டிருக்கிறேன், பக்கத்துத் தெருதானே என்ற சாக்குகள் தலையைக் காப்பாற்றாது. ஹெல்மெட் இல்லையென்றால் அபராதமே 1,000 ரூபாய்.

புர்கா, துப்பட்டா, புடவை அணிந்து பின்னால் உட்காரும் பெண்கள் துணியை மடித்து இறுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். துணி சக்கரத்தில் சிக்கிக் கழுத்து இறுகியோ கீழே விழுந்தோ ஏற்படும் விபத்துகளை நாம் கேள்விப்பட்டுக்கொண்டே இருக்கிறோம். பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அழகு கெடுகிறது என்று சில பையன்கள் அதைக் கழற்றிவிடுகிறார்கள். அம்மாவையோ தங்கையையோ ஏற்றும் வண்டியில் அதைக் கழற்றக் கூடாது.

18 வயது நிறையாத பிள்ளை கையில் பைக்கைக் கொடுத்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளி. மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. "லைசென்ஸ் வேண்டாத எலக்ட்ரிக் ஸ்கூட்டர்" என்று சொல்லி விற்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத, குறைந்த திறனுள்ள வண்டிக்கு மட்டுமே அந்த விலக்கு. அதைவிட வேகமாக ஓடினால் அதுவும் மோட்டார் வாகனம்தான்.

உரிமம் இல்லாமல் ஓட்டி மற்றவருக்குக் காயம் ஏற்படுத்தினால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அதை வண்டி உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்க முடியும். வீட்டை விற்கும் நிலை அப்படித்தான் வருகிறது. மூன்றாம் நபர் காப்பீடு மற்றவருக்கு மட்டுமே பயன்படும் என்பதால், ஓட்டுபவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்கீழ், பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சையை, குறிப்பிட்ட வரம்புக்குள், கட்டணமில்லாமல் பெறலாம்.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது சுலபமானது. கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்னால், ஒரு வேலைநாளில் பிள்ளையோடு சேர்ந்து அந்த வழியில் ஒருமுறை போய் வாருங்கள். கல்லூரி தொடங்கும் நேரத்தில் போய், விடும் நேரத்தில் திரும்ப வேண்டும். காரில் போகக் கூடாது. பிள்ளை எதில் போகப்போகிறாரோ அதிலேயே போக வேண்டும். எங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது, எங்கே பயமாக இருக்கிறது, எவ்வளவு செலவாகிறது என்பது அந்த ஒரே நாளில் தெரிந்துவிடும். பிறகு ஒரு தாளில் கல்விக் கட்டணத்துக்குக் கீழேயே பயணச் செலவையும் எழுதுங்கள். கட்டணம் குறைந்த தூரத்துக் கல்லூரியைவிட, கட்டணம் சற்றுக் கூடிய பக்கத்துக் கல்லூரி மலிவாக முடியலாம். தூரத்துக் கல்லூரிக்கு நேரடி டவுன் பஸ்ஸோ ரயிலோ இருந்து, அதுவே மலிவாக முடியவும் கூடும். கணக்குப் போடாமல் தெரியாது.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குச் சேர்ந்தவுடன் வண்டி வாங்காதீர்கள். மூன்று மாதம் பேருந்திலோ ரயிலிலோ, ஒரே கம்பெனிக்குப் போகும் நண்பரோடு பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டோ போய்ப் பாருங்கள். வேலை நிலைக்கிறதா என்று தெரியும். வண்டி உண்மையிலேயே தேவையா என்பதும் தெரியும். ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள இடத்துக்கு சைக்கிள் போதும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

ஜமாஅத்துக்கும் பங்கு உண்டு. பேருந்து நேரம் பொருந்தாவிட்டால் தனி ஒருவர் புலம்பிப் பயனில்லை. எந்த நிறுத்தத்திலிருந்து, எந்தக் கல்லூரிக்கு, எத்தனை மாணவியர், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்ற பட்டியலோடு போக்குவரத்துக் கழகப் பணிமனையின் கிளை மேலாளரிடம் மனுக் கொடுக்க வேண்டும். பேருந்தைப் பத்து நிமிடம் முன்பின் மாற்றுவது, புதுப் பேருந்து கேட்பதைவிட எளிதில் நடக்கும். தெருவிளக்குக்கு நகராட்சியிடமும், தீராவிட்டால் திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். ஒரே தெருவிலிருந்து ஒரே கல்லூரிக்குப் போகும் மாணவியர் சேர்ந்து போகும்படி பெற்றோர் பேசி வைத்தாலே பாதி பயம் தீர்ந்துவிடும்.

அறக்கட்டளையின் கல்வி உதவி விண்ணப்பத்தில் இவ்வாண்டு முதல் ஒரு புதிய பகுதியைச் சேர்த்திருக்கிறோம். வீட்டிலிருந்து கல்வி நிலையம் எவ்வளவு தூரம், எதில் போவீர்கள், வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம், மாதம் எவ்வளவு செலவு, மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்ற ஐந்து கேள்விகள். அவற்றைக் காலியாக விடாமல், பிள்ளையையே கேட்டு நிரப்பிக் கொடுங்கள். ஒரே வழித்தடத்தில் எத்தனை பேர் சிரமப்படுகிறார்கள் என்று தெரிந்தால்தான் மனுவோ வேனோ கடனோ எதுவும் செய்ய முடியும். விண்ணப்பங்கள் அலுவலகத்தில் அஸர் தொழுகைக்குப் பின் கிடைக்கும். ரயில் சீசன் சான்றிதழ் நிரப்புவதில் சந்தேகம் உள்ளவர்களும் அந்த நேரத்தில் வரலாம். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து உதவுகிறோம்.